மிண்டாதண்ணன் மாட்டாத பல்சக்கரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் ஓடிய மோட்டார்களில் பாதி மின்சாரத்தால் ஓடவில்லை. மிண்டாதண்ணன் மேலிருந்த பயத்தால் ஓடின. அவர் தெருமுனையில் தலையைக் காட்டினால் போதும், காலையிலிருந்து முரண்டு பிடித்த மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும். இதை ஊரார் சொன்னபோது நான் நம்பவில்லை. அரசாங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன் நான். சாட்சியில்லாமல் எதையும் ஏற்கிற வழக்கமில்லை. பிறகு எங்கள் வீட்டு மின்விசிறியே சாட்சி சொன்னது.

'மிண்டாதே' என்றால் மலையாளத்தில் 'பேசாதே'. பழுதான இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் அவர் ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார்மேல் வைப்பார்; கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்துவார்; இடது கையை உயர்த்தி, "மிண்டாதே" என்பார். அந்தக் கணத்திலிருந்து அந்த வீட்டில் குழந்தை அழக் கூடாது, குக்கர் கூவக் கூடாது. கேட்டு முடித்த பிறகு அவர் பேசத் தொடங்குவார். மற்றவர்கள் பேசாமல் இருக்க வேண்டிய காலம் அப்போதுதான் உண்மையில் ஆரம்பமாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மிண்டாதண்ணன் எழுந்து கையை உயர்த்தி "மிண்டாதே" என்றாராம். பாதிரியார் திகைத்து நிறுத்திவிட்டார். மேலே சுற்றிய மின்விசிறியை அரை நிமிடம் கவனித்துவிட்டு, "பேரிங் போயி அச்சா, கீழ நிக்கண்டா" என்று பாதிரியாரை அதற்கடியில் நிற்க வேண்டாமென எச்சரித்துவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். பாதிரியார் இரண்டடி தள்ளி நின்று பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். அடுத்த வாரமும் விசிறி கெட வேண்டும் என்று சபையில் பலர் மனமுருகி ஜெபித்ததாகக் கேள்வி.

அவர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டத் தெரியாது. ஐம்பது வயது, மூங்கில் போன்ற உடம்பு, மடித்துக் கட்டிய கைலி, காக்கி அரைக்கைச் சட்டை. பள்ளிப் பிள்ளைகள் புத்தகம் கொண்டுபோகிற அலுமினியப் பெட்டியில் கருவிகள்.

அவருக்கு மூன்று சட்டங்கள் உண்டு. முதலாவது, எந்த இயந்திரத்தையும் அதன் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக மாட்டார். "வேற எடத்துக்குக் கொண்டுபோனா மெஷின் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும் சாரே. சொந்த வீட்டுலதான் தனிக்குணம் வரும்" என்பார். அதனால் பழுது சிறியதென்றால் அவர் நம் அடுக்களையில் ஒரு மணி நேரம் இருப்பார். பெரியதென்றால் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கலாமா என்று யோசிக்கிற அளவுக்கு இருப்பார்.

இரண்டாவது சட்டம், விசாரணை. இயந்திரத்தைத் தொட்டவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்காமல் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற மாட்டார். ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு அரைக்கும் கிரைண்டர் நின்றுபோனபோது பன்னிரண்டு பணியாளர்களையும் வரிசையாக விசாரித்தார். ஒருவன் தேங்காய் திருடியதை ஒப்புக்கொண்டான். இன்னொருவன் முதலாளியின் மகளுக்குக் கடிதம் எழுதியதை ஒப்புக்கொண்டான். மூன்றாமவன் அந்தக் கடிதத்தைத் தான்தான் எழுதிக் கொடுத்ததாக அழுதான். கிரைண்டரில் ஒரு கம்பி மட்டும் கழன்றிருந்தது. முடுக்கிவிட்டுப் போனார். கிரைண்டர் ஓடியது, கடை ஒரு வாரம் ஓடவில்லை.

மூன்றாவது சட்டம்தான் என் வாழ்க்கையைப் பாதித்தது. கழற்றிய ஸ்க்ரூக்களை அவர் இட்லித் தட்டில்தான் வைப்பார். குழிக்கு ஒன்று, கழற்றிய வரிசையில், சாக்கட்டியால் எண் போட்டு. ஆகவே வேலை முடியும்வரை அந்த வீட்டில் இட்லி கிடையாது.

எங்கள் வீட்டுக்கு அந்த இயந்திரம் வந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். நான் துறைமுகத் தீவில் இருந்த ஓர் அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகி, மட்டாஞ்சேரியில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தேன். காலையில் படகேறிப் போனால் மாலையில் படகேறி வருவேன். என் மனைவி பகவதி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஒரே மகன் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தான். பகவதிக்கு மலையாளத்தில் நான்கு சொற்கள் தெரியும். அவற்றில் மூன்று மீனின் பெயர்கள். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை.

அவளுடைய தம்பி தம்மாமில் ஒரு தொழிலாளர் முகாமின் சமையற்கூடத்தில் வேலை பார்த்தான். அங்கே மாவு பிசைகிற ஓர் இயந்திரத்தைப் பார்த்தவன், அக்காளுக்குக் கை வலிக்குமே என்று வீட்டுக்கான சின்ன அளவில் அதே மாதிரி ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்த நண்பன் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டான். கனமான இரும்பு உடல், கொக்கு போல் வளைந்த கழுத்து, கீழே ஒரு கிண்ணம். கழுத்தில் துடுப்பு, கொக்கி, கம்பிக்கூடை என்று மூன்றில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம். நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓடுவது. நம் மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் எரிந்துபோகும். அதனால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்றும் கூடவே வந்தது. அது ஆட்டுக்கல் கனம், எப்போதும் முனகிக்கொண்டிருக்கும். தெருவில் இந்த இயந்திரத்துக்குத் 'துபாய் மெஷின்' என்று பெயர். சவூதியிலிருந்து வந்தது என்று நான் ஓரிருவருக்கு எடுத்துச் சொன்னேன். எங்கள் தெருவில் துபாய் என்பது ஊரல்ல, திசை என்று பிறகு புரிந்தது.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு ரோசி சேச்சி. ஒரு பாத்திரத்தில் எட்டு முட்டை, வெண்ணெய், சர்க்கரை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு அடித்துத் தர முடியுமா என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டாள். எங்கள் வீட்டு வாசலை அதுவரை முட்டை தாண்டியதில்லை. பகவதி என்னைப் பார்த்தாள். நான் இது குறித்து முன்னுதாரணம் ஏதும் இல்லை என்றேன். அவள் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து முட்டைக்கென ஒரு கிண்ணம் ஜன்னலுக்கு வெளியே தனிக்குடித்தனம் நடத்தியது. பிறகு அடுத்த வீட்டுக் கொங்கணிக்காரி சுமதி பாயி உளுந்து மாவோடு வந்தாள். அவர்கள் வழியாக இன்னும் நாலைந்து பேர். மாவு சுற்றி முடிகிறவரை எல்லோரும் அடுக்களையில் உட்கார்ந்திருப்பார்கள். அலுவலகத்திலிருந்து திரும்பினால் என் வீட்டில் எனக்குத் தெரியாத சிரிப்புச் சத்தம் கேட்கும்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் அது நின்றது.

சரியாகச் சொன்னால், பாதி நின்றது. மேலே மோட்டார் ஓடியது. கீழே துடுப்பு அசையவில்லை. நான் நடைமுறை தெரிந்தவன். பெட்டியில் வந்த கையேட்டை எடுத்தேன். பழுதுகளுக்கான அட்டவணை ஒன்று அதில் இருந்தது: குறை, காரணம், செய்ய வேண்டியது. வரிசைப்படி செய்தேன். பிளக்கைப் பார்த்தேன். ஃபியூஸைப் பார்த்தேன். மோட்டாரின் இருபுறமும் இருக்கும் கார்பன் துண்டுகளை வெளியே எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தேன். அதற்குப் பிறகு மோட்டாரிலிருந்து நீலப்பொறியும் பறந்தது. கடைசி வரி, 'மேற்கண்டவை பயனளிக்காவிட்டால் அருகிலுள்ள விற்பனையாளரை அணுகவும்' என்றது. அருகிலுள்ள விற்பனையாளர் தம்மாமில் இருந்தார். நடுவில் ஒரு கடல் இருந்தது. ரோசி சேச்சி போய் மிண்டாதண்ணனைக் கூட்டிவந்தாள்.

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். கை உயர்ந்தது. "மிண்டாதே." தெருவில் போன மீன்காரர்கூடக் கூவலைப் பாதியில் விழுங்கினார்.

அரை நிமிடம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "கார்பன யாரு எடுத்து மறிச்சு வெச்சது?"

"நான்தான். கையேட்டில் போட்டிருந்தபடி..."

"அந்தக் கையேடு எழுதினவன் சாரோட அடுக்களைக்கு வந்திட்டுண்டா? அந்தக் கார்பன் ஒரு பக்கமா உராஞ்சு வளைஞ்சிருக்கும். மறிச்சு வெச்சா ஒட்டாது, பொறி அடிக்கும். சாரு போயி முன்னால உக்காருங்க. தங்கச்சிய விசாரிக்கணும்."

விசாரணையின்போது மற்ற சாட்சிகள் வெளியே இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரிந்த விதி. வெளியே போனேன். ஜன்னல் திறந்திருந்தது.

"என்ன மாவு போட்டீங்க?" என்றார் மிண்டாதண்ணன்.

"அதிரச மாவுண்ணே" என்றாள் பகவதி. "பாகு ஊத்தி, சுத்த விட்டேன். ரோசி சேச்சி பின்வாசல்ல வந்து நின்னா. ஜாடையும் பாதிப் பேச்சுமா பேசிட்டே இருந்துட்டேன். மாவு ஆறி இறுகிப்போச்சு. கடகடன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான்."

"எத்தன நேரம் பேசினீங்க?"

"அரை மணி இருக்கும்."

"என்ன பேசினீங்க?"

"அது எதுக்குண்ணே?"

"எதுக்குன்னு மெஷினுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

பகவதி ஏதோ பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான். மூணு வருசம் இந்தத் தெருவுல ஒருத்தர் எங்கிட்ட சும்மா வந்து பேசுனதில்ல. எனக்கு அவுக பேச்சு தெரியாது, அவுகளுக்கு என் பேச்சு தெரியாது. இவுக காலையில போனா பொழுதடஞ்சுதான் வாராக. இந்த மெஷின் வந்த பெறகுதான் வாசல்ல ஆள் வந்துச்சு. இது சுத்துற வரைக்கும் உக்காந்திருப்பாக. இனி எதுக்கு வரப்போறாக?"

"ம்" என்றார் அவர்.

இந்த வாக்குமூலத்தின் முதல் பகுதியை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். இரண்டாம் பகுதி பழுதுக்குத் தொடர்பற்றது என்று விட்டுவிட்டேன்.

இட்லித் தட்டுகள் மூன்றும் கேட்கப்பட்டன, கொடுக்கப்பட்டன. கழுத்தைத் திறந்து, பழைய கிரீஸுக்குள் விரலை விட்டு, ஒரு சிறிய பழுப்புநிறச் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். பல் எல்லாம் மழுங்கி, ஈறு மட்டும் இருந்தது.

"சுத்தி இருக்கிறதெல்லாம் இரும்பு சாரே. இது ஒண்ண மட்டும் வேணும்னே லோலமா, பலம் கொறச்சு வெச்சிருப்பான். பாரம் கூடினா இது ஒடஞ்சு கொடுக்கும், மோட்டார் பொழச்சுக்கும்."

"அப்படியென்றால் பித்தளையில் செய்து போட்டுவிட்டால் உடையாதே" என்றேன். மாற்று யோசனை வழங்குவது மேலதிகாரியின் கடமை.

"உடையாது. மோட்டார் போகும். பின்னே தங்கச்சி அந்தப் புகையிலதான் அதிரசம் சுடணும்." அவர் பழைய சக்கரத்தைக் காகிதத்தில் மடித்தார். "நைலான்ல கடையணும். தோப்பும்படியில படகு மெஷினுக்கு வேலை செய்யற பட்டறை ஒண்ணு இருக்கு. ஒரு வாரம் பிடிக்கும்."

ஒரு வாரம் ஆயிற்று. இரண்டாயிற்று. மிண்டாதண்ணன் தினமும் மாலை நான்கு மணிக்குத் தவறாமல் வந்தார். சக்கரம் வரவில்லை. ஆனால் வேலை நடந்தது. ஒரு நாள் பழைய கிரீஸை வழித்தெடுத்தார். இன்னொரு நாள் வயர்களைத் தடவிப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க ஒரு ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பகவதி சாயா போட்டுக் கொடுப்பாள். பெண்கள் வருவார்கள். ரோசி சேச்சி முட்டையோடு வந்து "ரெடியாயோ?" என்பாள். சுமதி பாயி தூக்குப் பாத்திரத்தோடு வந்து "ரெடியாயோ?" என்பாள். "இல்ல. வந்தது வந்தீங்க, இதப் பிடிங்க" என்று ரோசி சேச்சி கையில் டார்ச் விளக்கைக் கொடுப்பார். சுமதி பாயியிடம் கரண்டியைக் கொடுத்து மூலையில் இருக்கும் கிரீஸைச் சுரண்டச் சொல்வார். பகவதி மண்ணெண்ணெயில் நட்டுகளைக் கழுவுவாள். ஓர் அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு செவிலியர் இருந்து நான் பார்த்ததில்லை.

முதலில் அவர்தான் இருபுறமும் மொழிபெயர்த்தார். பகவதி, "எங்க ஊர்ல இப்ப கோயில் கொடை" என்பாள். அவர் அதை மலையாளத்தில் கால்மணி நேரம் விளக்குவார். அதில் யானைகூட வரும். எங்கள் ஊர்க் கொடைத் திருவிழாவில் யானை கிடையாது. மூன்றாவது வாரத்தில் எப்போதோ அவர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை. பகவதி ஒரு மாதிரிப் பேசினாள், அவர்கள் ஒரு மாதிரிப் பேசினார்கள். இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன.

நான் மட்டும் காலையில் உப்புமா சாப்பிட்டேன். இருபத்தோரு நாள் உப்புமா சாப்பிட்டவன் எழுத்துமூலம் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மிண்டாதண்ணனுக்கு முறையாக ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதை விரித்துப் போட்டு அதன்மேல் கிரீஸ் டப்பாவை வைத்தார். பத்து நாள் கழித்து, சற்றுக் கடுமையான சொற்களில் நினைவூட்டல் அனுப்பினேன். அதைத் தடவிப் பார்த்து, "நல்ல கனமான பேப்பர்" என்று பாராட்டி, கத்தரியால் வட்டமாக வெட்டி இயந்திரத்தின் கழுத்துக்கும் உடலுக்கும் நடுவே வாஷராக வைத்துவிட்டார். என் பணிக்காலத்தில் நான் எழுதிய கடிதங்களில் உண்மையில் ஒரு கசிவை நிறுத்தியது அது ஒன்றுதான்.

ஐந்தாவது வாரம் அரைநாள் விடுப்பு எடுத்துத் தோப்பும்படிக்கே போனேன். மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில், படகுகளின் உள்ளுறுப்புகள் குவிந்து கிடந்த பட்டறை. கடைசல்காரரிடம் சக்கரம் எப்போது தயாராகும் என்று கேட்டேன்.

"அது கொடுத்து மூணு ஆழ்ச்ச கழிஞ்சல்லோ சாரே" என்றார். "நல்ல பல்லு. அண்ணன் பாக்கெட்டுல போட்டுக்கொண்டு போயி."

பேருந்தில் திரும்பும்போது மனத்துக்குள் குற்றப்பத்திரிகை தயாரித்தேன். ஏழு குற்றச்சாட்டுகள், இரண்டு இணைப்புகள். படகுத்துறைக்கு எதிரே இருந்த சாயாக் கடையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"மூன்று வாரமாக அந்தச் சக்கரம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறதாமே?" என்றேன்.

மறுக்கவில்லை. பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். புதுப் பால்பல் மாதிரி வெள்ளையாக இருந்தது. "இதோ."

"பின்னே ஏன் மாட்டவில்லை?"

"டெஸ்ட் தீரல்ல சாரே."

"என்ன டெஸ்ட்?"

"உக்காருங்க. ஒரு சாயா சொல்லட்டா?" சொன்னார். "ஒரு மெஷின்ல எது அவசியம், எது அவசியமில்லன்னு எப்படிக் கண்டுபிடிக்கணும்? ஒண்ணக் கழட்டி வெக்கணும். பாக்கி ஓடுதான்னு பாக்கணும். அதானே?"

"அதுதான் முறை."

"தங்கச்சி என்ன சொல்லுச்சு? மெஷின் இருந்தாத்தான் ஆள் வரும், இல்லேன்னா வராதுன்னு. நான் மெஷினக் கழட்டி வெச்சிருக்கேன். ஆள் வருதான்னு பாக்கறேன்."

"அதான் தினமும் கூட்டமாக வருகிறார்களே."

"பாத்திரத்தோட வராங்க சாரே. இல்லேன்னா ரெடியாயோன்னு கேட்டுட்டு வராங்க. அது மெஷினக் காண வர்றது." டம்ளரைச் சுற்றிச் சுற்றி ஆற்றினார். "கைய வீசிட்டு ஒருத்தி வரணும். மெஷினப் பத்திக் கேக்காம உக்காரணும். அன்னிக்கு மாட்டறேன். நாளைக்கே மாட்டினா ஓடும், சரி. அடுத்த வருஷம் கரண்டு போகும், மோட்டார் போகும், சாருக்கு வேற ஊருக்கு மாத்தம் வரும். அப்ப தங்கச்சி என்ன செய்யும்?"

"யாரும் அப்படி வராவிட்டால்?"

"வேற ஒரு கேடு கண்டுபிடிக்கணும்" என்றார் சாதாரணமாக. "மெஷின்ல கேடுக்கா பஞ்சம்?"

எனக்குத் தெரியாத நடைமுறை அரசாங்கத்தில் இல்லை. இதற்கு என்னிடம் விதி இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் ஒரே வாக்குமூலத்தைத்தான் கேட்டோம். என் மனைவியோடு பதினாறு வருடம் வாழ்ந்தவன் நான். வந்து அரை மணி நேரம் ஆனவர் அவர். சாயாவைக் குடித்தேன். குற்றப்பத்திரிகை திரும்பப் பெறப்பட்டது.

"தங்கச்சிகிட்ட சொல்லண்டா" என்றார்.

நான் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, தெரிந்தே ஒரு கோப்பின்மேல் உட்கார்ந்தேன். மாலையில் ஒரு படகு முன்னதாகவே ஏறி வந்துவிடுவேன். பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நானும் மிண்டாதண்ணனும் வருகிறவளின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்போம். முட்டை. தோல்வி. தூக்குப் பாத்திரம். தோல்வி. ஒரு நாள் ரோசி சேச்சி வெறுங்கையோடு வந்தாள். அவர் விரல் மெல்லச் சட்டைப் பைக்குப் போயிற்று. அவள் வாயைத் திறந்து, "மெஷின் எந்தாயி?" என்றாள். விரல் திரும்பி வந்தது.

"என்ன நீங்க ரெண்டு பேரும் வர்றவுக கையவே பாக்கிறிய? அவுகளுக்குக் கூச்சமா இருக்காதா?" என்று பகவதி என்னை உள்ளே கூப்பிட்டுக் கண்டித்தாள்.

சாயாக் கடையில் பேசிய ஒன்பதாவது நாள் சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று பகவதி முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு உருவிக்கொண்டிருந்தாள். யாரும் வராவிட்டால் அவள் கதவைப் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. அன்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மிண்டாதண்ணன் இயந்திரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பின்வாசலில் சத்தம். சுமதி பாயி. கையில் ஏதோ இருந்தது. குடை. நான் மிண்டாதண்ணனைப் பார்த்தேன். குடை கணக்கில் வராது என்று அவர் தலையை அசைத்தார். அவள் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, புடவை நுனியைப் பிழிந்துவிட்டு, பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. இயந்திரத்தையும் பார்க்கவில்லை.

"முட்டு வேதன பகவதி" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "மழ வந்தா சகிக்கான் வய்யா."

"மழைன்னா அப்படித்தான். எனக்குத் தோள்பட்டை" என்ற பகவதி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முறத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். சுமதி பாயி ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள். முழங்காலிலிருந்து மருமகளுக்குப் போனார்கள். மருமகளிலிருந்து தம்மாமுக்குப் போனார்கள். அங்கிருந்து எங்கெங்கோ.

மிண்டாதண்ணன் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஆறு வாரம் ஆகாத வேலை பத்து நிமிடத்தில் ஆனது. சக்கரம் உட்கார்ந்தது. புதுக் கிரீஸை விரலால் அப்பினார். இட்லிக்குழிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிறகு என்னிடம் கையை நீட்டி, "பத்துப் பைசா" என்றார். நெளிநெளி விளிம்புள்ள அலுமினிய நாணயத்தைக் கிண்ணத்தின் அடியில் போட்டு மெதுவாக ஓடவிட்டார். சுற்றி வருகிற துடுப்பு அதைத் தொட்டும் தொடாமல் நகர்த்த வேண்டுமாம். அப்படியே பாய்ந்து தள்ளினால் துடுப்பு தாழ்வு. அசையாமல் கிடந்தால் உயரம். ஒரு திருகு திருகினார். நாணயம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எள்ளளவு நகர்ந்து, நின்று, நகர்ந்தது.

அந்தச் சத்தத்தில்தான் சுமதி பாயி திரும்பினாள். "ஓ, ரெடியாயோ இது?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் மருமகள் கதைக்குத் திரும்பிவிட்டாள். பகவதியும்தான்.

மிண்டாதண்ணன் கருவிகளைத் துடைத்து அலுமினியப் பெட்டியில் அடுக்கினார். அவர் முகத்தில் பெருமிதம் எதுவும் இல்லை. பழுதைச் சரியாகக் கண்டுபிடித்த மெக்கானிக்கின் சாதாரணத் திருப்திதான் இருந்தது. மறுநாள் காலை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். பதினொரு இட்லி சாப்பிட்டார். தட்டில் லேசாக மண்ணெண்ணெய் வாசனை வருவதாகக் குறையும் சொன்னார்.

அவர் சொன்னது போலவே எனக்கு மாற்றல் வந்தது, அதற்கு மூன்றாம் வருடத்தில். அதற்குள் மோட்டார் ஒரு முறை போயிருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க இயந்திரம் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. பின்வாசலில் செருப்புகள் குறையவில்லை. நாங்கள் கிளம்பிய அன்று பகவதி அழுததைவிட ரோசி சேச்சி அதிகம் அழுதாள். மிண்டாதண்ணன் வந்து பெட்டிகளின் கயிற்றை எல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் கட்டியது முறையாகத்தான் இருந்தது. ஆனால் அவிழ்த்துக் கட்ட இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரமும் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது சென்னையில் நான்காவது மாடியில் இருக்கிறோம். சென்ற மாதம் மிக்ஸி நின்றுபோயிற்று. சீருடை போட்ட ஒரு பையன் வந்து ஏழு நிமிடத்தில் சரிசெய்தான். என்ன மாவு அரைத்தீர்கள் என்று கேட்கவில்லை. பகவதி, "சாயா குடிக்கியா தம்பி?" என்றாள். இன்னும் அவளுக்குத் தேநீர் என்றால் சாயாதான். அடுத்த வீடு இருக்கிறது என்று அவன் போய்விட்டான். கதவைச் சாத்திவிட்டு வந்து, "கெட்டிக்காரப் பையன்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அடுக்களையில் விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை மிண்டாதண்ணனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவர் இருக்கிறாரா, அந்தத் தோப்பும்படிப் பட்டறை முகவரிக்கு அனுப்பினால் போய்ச் சேருமா, தெரியாது. தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நலம் விசாரித்தேன். பகவதிக்குத் தோள்பட்டை வலி தேவலை என்று எழுதினேன். இங்கே மழை இல்லை என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், பழக்கதோஷத்தில் மேலே 'பொருள்:' என்று போட்டுவைத்திருந்ததைப் பார்த்தேன். எதிரே என்ன எழுதலாம் என்று வெகுநேரம் யோசித்தேன். ஒன்றுமில்லை, சும்மாதான். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஒட்டி அனுப்பிவிட்டேன்.